மஞ்சள் கோடுகள்

தோண்டுவதற்கு மூன்று நாள் முன்பே
தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும், இங்கே அப்படித்தான்.
ஆள் வந்தான். தரையைவிடத்
தன் கருவியைத்தான் அதிகம் பார்த்தான்.
புல்லின் மேல் மஞ்சள் சாயம் பீய்ச்சி
கேஸ் குழாய் போகும் வழியைக் கீறினான்:
சரியாக, ஆர்லின் குச்சி ஊன்றி வைத்திருந்த
இடத்துக்கு அடியில்.

அப்படித்தான் பாஸ்வுட் கன்று
பதினொரு தப்படி தள்ளிப் போயிற்று,
டெல்மர் ஸ்க்ரூடர் கார் நிறுத்தும்
சரளைப் பாதையை ஒட்டி.

கடையில் ஐரோப்பிய லிண்டனும் இருந்தது.
சீப்பால் வாரிவிட்ட கூம்பு,
சின்ன இலை, வங்கி வாசலுக்கேற்ற அடக்கம்.
இதுவோ மினசோட்டாவின் ஆற்று மேட்டுக் காட்டுப் பிள்ளை.
சாப்பாட்டுத் தட்டளவு இலை.
இதய வடிவம் என்பார்கள்;
ஒரு தோள் இறங்கிய இதயம்.
அப்படி ஒரே தோளில் பை மாட்டிய பிள்ளைகளைத்தான்
தினமும் என் பேருந்தில் ஏற்றி இறக்குகிறேன்.
விலையும் குறைவு. அதை ஏன் மறைக்க?

ஆழமாக்காதே, அகலமாக்கு
என்றாள் கடைக்கார வெர்னா.
தண்டு விரிந்து வேராகும் இடம்
மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்,
பாவாடைக்குக் கீழே கணுக்கால் போல.
களிமண். மூன்று கோடைக்கு
அடியில் துளையிட்ட பெயிண்ட் வாளியில்
சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.
முதல் குளிரில் முயல்கள் பட்டையைக் கொறித்தன,
வளையம் கூடுவதற்கு
இரண்டு விரற்கடை மிச்சம் வைத்து.
கம்பிவலை வாங்கினேன்.

ஐந்தாம் வருடம் ஆர்லின் அரிசோனாவுக்குப் போனான்.
சண்டை ஒன்றுமில்லை.
அவனுக்குப் பனி ஒத்துக்கொள்ளவில்லை,
பனியில் நானும் அடக்கம்.

மரம் யாரையும் விசாரிக்கவில்லை.
அடியில் பக்கக்கிளை வெடித்துக்கொண்டே இருந்தது,
ஒவ்வொரு ஏப்ரலிலும் கத்தரித்தேன்.
செம்பு நிற வண்டுகள் ஒரு வருடம்
உச்சி இலைகளைப் பின்னல் துணியாக்கிவிட்டுப் போயின.
அசுவினி வந்தது. அதன் இனிப்புப் பிசுக்கு
டெல்மரின் கார் கண்ணாடியில் சொட்டியது.

கடிதம் எழுதினார், நாலு அடி தள்ளி வசிப்பவர்,
தபால் தலை ஒட்டி:
உங்கள் மரம் என் காரின் மேல் எச்சில் துப்புகிறது.
எச்சில் மரத்தினுடையதல்ல, பூச்சியினுடையது,
வாயிலிருந்து வருவதும் அல்ல
என்று திருத்திப் பதில் போட்டேன்.
அது உதவவில்லை.

பதினான்காம் வருடம், ஜூலை முதல் வாரம்,
அவர் ஏணியும் ரம்பமுமாக வந்தார்.
தன் பக்கம் நீளும் கிளையை வெட்ட
அவருக்கு உரிமை உண்டு.
நான் படியில் காபியோடு உட்கார்ந்திருந்தேன்,
உதவுவதாகவும் இல்லை, தடுப்பதாகவும் இல்லை.

ஐந்தாவது படியில் நின்றார்.
காதிலிருந்த கருவியைக் கழற்றினார்,
உள்ளங்கையில் தட்டினார், ஊதினார்.
மாட்டினார்.
மறுபடி கழற்றினார்.
பேட்டரி மூடியைத் திறந்து மூடினார்.
மாட்டினார்.
பிறகு அண்ணாந்தார்.

அப்போதுதான் முதல் முறையாகப் பூத்திருந்தது.
வெளிறிய நாக்கு போன்ற சிற்றிலை ஒன்று,
அதன் நடுமுதுகிலிருந்து ஒரு காம்பு,
காம்பின் நுனியில் தலைகீழாய் நாலைந்து பூ,
பூ ஒவ்வொன்றிலும் யாரோ வேலையாக.
நாட்டுத் தேனீ, இறக்குமதித் தேனீ, பெருத்த பம்பிள் வண்டுகள்,
மரம் முழுக்க ஒரே ஸ்ருதியில்
தூரத்து நெடுஞ்சாலை போல.

எவ்வளவு நேரம் நின்றார் என்று பார்க்கவில்லை.
காபி ஆறியிருந்தது.
இறங்கி, ஏணியை மடக்கி,
ஒன்றும் சொல்லாமல் போனார்.
மறுநாள் காருக்குத் தார்ப்பாய் போட்டிருந்தார்,
நான் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே
முரட்டு நீல நிறத்தில்.

கடிதம் நின்றுவிடவில்லை.
இலை கூட்டுவது பற்றி ஒன்று, அக்டோபரில்.
பிசுக்கு பற்றி மறுபடி ஒன்று.

இந்த மே மாதம் வேலியோரம் வந்து நின்றார்.
முகம் சரளையைப் பார்த்தது.
அன்று ஒருவன் வந்து தரையில்
மஞ்சள் கோடு போட்டானே,
அவன் நம்பர் இருக்கிறதா என்றார்.