உப்புப் பார்த்தவள்

விகாரை மண்டபத்தில் விரித்த பாய்களில்
ஊரே சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தது.
நகரத்து மருத்துவ வண்டி
தூங்குமூஞ்சி மரத்தடியில் உறுமிக்கொண்டிருந்தது.
நான் துணைக்குத்தான் போனேன்.
நோயாளி என் வீட்டுக்காரர்.
அப்படித்தான் நான் முடிவு செய்திருந்தேன்.

முப்பத்தோரு வருடமாக
சோங்க்ராம் ஆற்று மீனை
வேகாமல் தின்கிற மனிதர் துவன்சாய்.
தண்ணீர் வடிகிற வயலில், அறுப்புக்கு நடுவே,
விரல்நீளக் கெண்டைகளைத் துள்ளத் துள்ள
என் முன்னால் கொட்டுவார்.
செதில் சுரண்டிப் பொடியாக நறுக்குவேன்.
எலுமிச்சை பிழிந்ததும் கண்ணாடிச் சதை
வெந்ததுபோல வெளுக்கும்.
"பார், செத்துவிட்டது" என்பார்.
வறுத்த அரிசிப்பொடி, மிளகாய், புதினா,
கடைசியில் ஒரு கை செவ்வெறும்பு. அதுதான் கோய்.
மிச்சம் ஏதாவது உயிரோடிருந்தால்
சாராயத்தில் மூழ்கட்டும் என்று ஆண்கள் சிரிப்பது
நாலு வரப்பு தாண்டிக் கேட்கும்.
சுகாதாரப் பணியாளர் வரும்போதெல்லாம்
மாத்திரை விழுங்குவார்.
அடுத்த வாரமே கோய்.

நான் தின்றதில்லை.
பெண்கள் பந்தியில் சுட்டது இருக்கும், அவித்தது இருக்கும்.

ஸ்கேன் எடுக்கிற ரவிவனுக்கு
என் இளைய மகள் வயது.
அவர் வயிற்றில் பசை தடவி
திரையை உற்று உற்றுப் பார்த்துவிட்டு,
"கொஞ்சம் கொழுப்பு, மாமா. சாராயத்தைக் குறையுங்கள்."
சேவற்சண்டையில் ஜெயித்தவர்போல
ஊரைப் பார்த்துக் கையுயர்த்தினார்.

"நீங்களும் படுங்கள் அத்தை."

அவள் கை விலாவுக்குக் கீழே போய் நின்றது.
நகர்ந்தது.
திரும்பவும் அதே இடத்தில் நின்றது.
திரையில் சாம்பல் மழை.
மழைக்குள் வெள்ளை வெள்ளையாய் வேர்கள்.
பித்தநீர் ஓடுகிற வாய்க்கால்களாம்,
கரை தடித்துவிட்டதாம்.
புழு தெரியாது, அது குடியிருந்த வீடுதான் தெரியும் என்றாள்.
புளியிலை அளவு இருக்குமாம்.
இருபது வருடம்கூட இருக்குமாம், வாடகை தராமல்.

அவர் ஆற்றிலிருந்து வர நேரமானால்
ஈரக்குலை பதறும் எனக்கு.
அத்தனை பதற்றத்துக்கும் இடம் கொடுத்த குலையில்
புளியிலைகளும் ஒண்டியிருந்திருக்கின்றன.

பச்சை மீன் சாப்பிடுவீர்களா?
இல்லை.
எப்போதாவது?
இல்லை என்றேனே.
வீட்டில் யார் செய்வது?

அப்போதுதான் என் சுட்டுவிரல்
தானாக மடங்கிக்கொண்டது.

விரல்நுனியில் ஒரு துளி.
நாக்கில் வைத்து, கண்ணை இடுக்கி,
புளிப்புப் போதுமா, உப்புத் தூக்கலா என்று ஒரு நொடி.
சரிசெய்ததைச் சரிபார்க்க இன்னொரு துளி.
எத்தனை அறுப்பு, எத்தனை கல்யாணம், எத்தனை சாவு,
மகன் துறவாடை உடுத்தப் போன அன்றுகூட.
இதெல்லாம் சாப்பிட்டதில் சேருமா?

சேரும் என்று அவள் சொல்லவில்லை.
எழுதிக்கொண்டாள்.
மாத்திரை புழுவைக் கொன்றுவிடும்.
தடித்த கரைக்கு
பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு.

திரும்பும்போது மோட்டார் சைக்கிளை
மிக மெதுவாக ஓட்டினார்.
பின்னாலிருந்து அவர் விலாவைப் பிடித்திருந்தேன்.
ஒன்றும் ஆகாத விலா.
கோபம் வந்தது. வெட்கமும் வந்தது.
எது முதலில் என்று தெரியவில்லை.

பூனை மீன்குடலுக்குக் காத்திருந்தது.
விரட்டினேன்.
காலையில் பிடித்த கெண்டைகளை முழுசாகப் பானையில் போட்டேன்.
கொதித்தது. இன்னும் கொதிக்கட்டும் என்று விட்டேன்.
சதை முள்ளைவிட்டுக் கழன்று கரைந்தது.
கை போன போக்கில் உப்பு அள்ளிப் போட்டேன்.
பார்க்கவில்லை.

ஒட்டரிசியை உருட்டித் தோய்த்து
வாயில் வைத்தார்.
தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.
என்னைப் பார்த்தார்.
பிறகு தண்ணீரைத் தொடாமல்
கிண்ணம் காலியாகும்வரை தின்றார்.