மாதிரி அளவு: பதினொன்று

முதலில் எழுதிய கேள்வி
தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போனது:
பினாங்கு மாநிலத்தில் நீரிழிவு நோயாளிகள்
மருந்தை ஏன் ஒழுங்காக எடுப்பதில்லை?

பட்டறையில் இஸ்ஸாத்தி,
என்னைவிட ஒன்பது வயது இளையவள்,
சிவப்புப் பேனாவைத் திறந்தாள், மூடினாள்.
"இது அமைச்சின் கேள்வி, காக். உங்களுடையது எங்கே?"

பினாங்கை அடித்தேன். ஜெலுத்தோங் என்று எழுதினேன்.
ஜெலுத்தோங்கையும் அடித்தேன். எங்கள் கிளினிக்.
கிளினிக்கும் போனது.
மூன்றாம் கவுண்டர், பேசுவதற்குக் கண்ணாடியில் ஓர் ஓட்டை,
இந்தப் பக்கம் நான்.
கேள்வி சிறுக்கச் சிறுக்க
எனக்குக் கழுத்துப் பித்தான் இறுகியது.

இன்சுலின் பேனா வாங்க வருகிறவருக்கு
எவ்வளவு நேரம் விளக்குகிறேன், நான்?

முதல் வாரம் நானே கைப்பேசியில் நேரம் பிடித்தேன்.
எல்லாருக்கும் ஐந்து நிமிடம். எல்லாருக்கும் புன்னகை.
பக்கத்துக் கவுண்டர் பெங் ஹூய் சிரித்தான்:
"கடிகாரம் வைத்த அன்றைக்கு
பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுகிற மாதிரி பேசுகிறாய்."
அந்த வாரத்தைக் கிழித்துப் போட்டேன்.

பிறகு நேரம் பிடிப்பது அவன் வேலையானது.
எந்த நாள், எந்த மணி, எனக்குச் சொல்லக் கூடாது.
நான்கு மொழியில் அறிவிப்பு ஒட்டினோம்,
கையெழுத்து வாங்கினோம்,
பெயருக்குப் பதில் எண் போட்டோம்.
ஆறு வாரத்தில் எனக்கு மறந்தும் போனது.

ஞாயிற்றுக்கிழமை, பதினாறாம் மாடி,
மழையில் பாலம் பாதிதான் தெரிந்தது.
கோப்பி ஆறியது.
மலாயில் நான் பேசியது, சராசரி, மூன்று நிமிடம்.
என் ஓட்டை ஹொக்கியனில்,
கையும் படமும் பெங் ஹூயும் சேர்ந்து, நான்கரை.
தமிழில்
ஐம்பத்திரண்டு விநாடி.

திரும்பக் கூட்டினேன். பேனா மாற்றிக் கூட்டினேன்.
"நம் மொழியில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்,"
முடிவுரையில் அழகாகவே எழுதிவைத்தேன்.
இஸ்ஸாத்தி ஓரத்தில் கேட்டிருந்தாள்:
"அதையும் அளந்தீர்களா?"

அளக்கவில்லை.
குறிப்பேட்டில் பெங் ஹூய்,
தமிழ் தெரியாதவன், காதில் விழுந்ததை
ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தான், பதினொரு தடவை:
புரியுதுல்ல.
என்ன அர்த்தம் என்று கேட்டான்.
சொல்லிக் கொடுக்கப் போய் நின்றேன்.
கேள்விதான். ஆனால் அந்த 'ல்ல'வுக்குள்
பதிலையும் மடித்து வைத்துக் கொடுத்துவிடுகிறோம்.
எதிரே இருப்பவர் தலையாட்டினால் போதும்.
ஆட்டியிருக்கிறார்கள், பதினொரு பேரும்.

மறுமாதம் வந்தார் ஏழாம் எண்.
பொன்னுருவி அக்கா, எண்ணை நானே மறந்து பெயர் சொல்லிவிட்டேன்.
"வீட்டுல எப்படிக் குத்துவீங்க? செஞ்சு காட்டுங்க."
பேனாவை எடுத்தார், ஊசியைத் திருகினார்,
பெரிய மூடியைக் கழற்றினார்,
உள்ளே இருக்கும் சின்ன மூடியோடு
வயிற்றுக்கு மேல் பயிற்சித் தலையணையில் அழுத்தினார்.
பத்துவரை எண்ணினார், நான் சொல்லித் தந்தபடி.
"வலிக்கிறதே இல்லம்மா. நல்ல ஊசி."

மூன்று மாதம்.
அவருடைய சர்க்கரை அளவுக்கு நான் திட்டியது
சோற்றை. ஆப்பத்தை. தீபாவளிப் பலகாரத்தை.

இனி, அறிக்கையின் 'வரையறைகள்' பகுதி:
மாதிரி சிறியது. ஒரே இடம். ஒரே மருந்தாளர்.
இதை வைத்து யாரைப் பற்றியும் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது.
எழுதி முடித்து அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
யாரைப் பற்றியும் என்பதில்
நான் சேர்த்தியா என்று இஸ்ஸாத்தியைக் கேட்கவில்லை.

இரண்டாம் சுற்று திங்கட்கிழமை.
ஒரு மாற்றம் மட்டும்: அந்தச் சொல் கிடையாது.
முதல் நாளே இரண்டு முறை வாய்வரை வந்து
மென்று விழுங்கினேன்.
மூன்றாவது முறை விழுந்துவிட்டது.
பெங் ஹூய் நிமிராமல் ஒரு கோடு போட்டான்.

எண் நாற்பத்தொன்று, கவுண்டர் மூன்று.