மிட்விக்கெட்டின் மேல்

நாத்தனார் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்தாள்
முகத்தை மூடும் ஒரு கண்ணாடி, வளைந்த ஒரு குழாய்.
"கடலுக்குப் போனா பசங்களுக்கு ஆகும்" என்றாள்.
வேலூரில் எந்தப் பேருந்து ஏறினாலும்
கடல் வர மூன்று மணி நேரம்.
குக்கர் பெட்டிக்குப் பின்னால்
இரண்டு கோடை கிடந்தது அது,
மூக்கு மட்டும் புடைத்து.

கார்த்திகையில் ஆறு வந்தது.
வந்தது என்றுதான் சொல்வோம் பாலாற்றை,
ஓடியது என்பதில்லை,
எப்போது கிளம்பும் என்று கேட்க முடியாத
விருந்தாளியைச் சொல்வதுபோல.

செம்மண் நிறம் வடிய மூன்று வாரம்.
பிறகொரு ஞாயிறு, பள்ளிகொண்டாவுக்கு மேற்கே,
ஆறு முழங்கையை மடக்கி வைத்திருந்த இடம்.
மடிப்புக்குள் நீர் நகரவில்லை.
வெள்ளை மணல், சரிவென்று தெரியாத சரிவு.

பரந்தாமன் முதலில் இறங்கினார், கையில் மூங்கிலோடு.
லாரிகள் அள்ளிய குழிகள்
இந்த ஆற்றில் சத்தமில்லாமல் காத்திருக்கும்.
அடிக்கு ஒரு குத்து.
கணுக்கால். முழங்கால். தொடை.
இடுப்பில் நின்று கயிறு கட்டினார்,
கயிற்றில் நான்கு காலி எண்ணெய் கேன்.
"இத்த தாண்டினா குழாய் அடுப்புக்குப் போயிடும்."

ஒரே குழாய், இரண்டு பிள்ளைகள்.
நூறு எண்ணும்வரை ஒருவர் முறை.
அக்கா உள்ளே இருக்கும்போது
குலசேகர் எழுபதிலிருந்து தொண்ணூறுக்குத் தாவுவான்.
கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்தால்
பனி படியாதாம், போனில் நாத்தனார் சொன்னாள்.
அந்த ஒரு பாடத்தில் இருவருமே முதல் மார்க்.

முதல் நூறில்: "ஒண்ணும் இல்லம்மா. மணல்."
இரண்டாம் நூறில்: "மணல் கோடு கோடா கீது,
அப்பா வேட்டி கசங்கினாப்பல."
அப்புறம் அயிரை மீன்கள், விரலை முகர்ந்துவிட்டு
வேண்டாம் என்று போனவை.

அடுத்த முறை நப்பின்னை எழவில்லை.
நூறு. நூற்றுப் பத்து.
முதுகு மிதந்தது, குழாய் மூச்சு விட்டது,
ஆனாலும் நான் சுடிதாரோடு தொடைவரை வந்துவிட்டேன்.
குழாயைத் துப்பிக் கத்தினாள்:
"நம்ம பிட்ச்சு!"

கைவிடப்பட்ட ஒற்றைச் சிமெண்ட் உறை,
பாதி புதைந்து, அதன் வயிற்றில்
பச்சைப் பெயிண்டில் மூன்று ஸ்டம்ப்.
மே மாதம் முழுக்க இங்கேதான் ஆடினார்கள்,
கால் பொசுங்க.
அவளுக்கு பேட் கிடைத்ததில்லை.
பந்து பொறுக்கும் வேலை, அதுவும் வெயில் பக்கம்.
"மிட்விக்கெட் மேல படுத்துக்கினு இருந்தேன்" என்றாள்,
தம்பியைப் பார்த்து, மெதுவாக,
ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே வைத்து.

பிறகு என்னிடம் நீட்டினாள்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால்
பரந்தாமனும் மூங்கிலும் எனக்கு ஒன்றுதான்.
ஆனால் நீர் எல்லாவற்றையும்
ஒரு சாண் அருகே இழுத்து வைத்திருந்தது.
பச்சைக் கோடுகளில் தூரிகையின் மயிர் ஒன்று
ஒட்டிக் காய்ந்திருப்பதுவரை தெரிந்தது.

காதுக்குள் என் மூச்சு மட்டும்.
குழாய்வழி மூச்சு எனக்குப் புதிதல்ல.
பதினோரு வருடம், இரவுப்பணி,
பன்னிரண்டு கட்டில்.
அந்த ஓசை எப்போது மாறுகிறதென்று
தூக்கத்திலும் கேட்கும் காது என்னுடையது.
அதன் மறுமுனையில்
இன்றுதான் படுத்தேன்.
உள்ளே. வெளியே. யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

ஊருக்குள் கோயிலில் ரங்கநாதர்
பாம்பின்மேல் சாய்ந்து
பார்த்துக்கொண்டிருப்பார் நாளெல்லாம் வருகிறவர்களை.
நான் குப்புறக் கிடந்தேன்,
யாருக்கும் முகம் காட்டாமல்,
என் நிழல் ஆடுகளத்தின் மேல் ஊர்ந்தது.

கரையிலிருந்து எண்ணும் குரல்
மாவுக்குள் புதைத்த மணிபோல் வந்தது.
நப்பின்னைதான் எண்ணினாள், தாவாமல்.

எழுந்தபோது குலசேகர் இடுப்பில் கைவைத்து நின்றான்.
"அம்மாவுக்கு மட்டும் இன்னாத்துக்கு
நூத்தி அறுபத்தி நாலு?"