போஸ்டாக்

வீட்டுக்காரர் எட்டியப்பனிடம்
முதல் நாளே சொன்னேன்:
பாகாயத்துல போஸ்டாக் பண்றேங்க.
"போஸ்டாபீசா? நல்லதாப்போச்சு, கவர்மெண்டு உத்தியோகம்."
திருத்த வாயெடுப்பதற்குள்
அட்வான்சில் ஐயாயிரம் குறைத்துவிட்டார்.

மூன்று வருடமாக
சத்துவாச்சாரி மாடி அறையில்
நான் தபால் இலாகா.

பகலில் செய்வது வேறு.
ராணிப்பேட்டையில்
தோல் கழிவு கொட்டிய மண்ணை
டப்பாவில் அள்ளிவந்து
அதில் சாகாமல் கிடப்பவை எவை என்று பார்க்கிறேன்.
அத்தனை குரோமியத்திலும்
பிள்ளைகுட்டியோடு இருக்கின்றன.
எப்படி என்பதுதான் என் கேள்வி.
பதில் சொல்ல அவற்றுக்கு அவசரமில்லை.
என் ஒப்பந்தம் முடிய ஏழு மாதம்.

போன சனிக்கிழமை
எங்களைப் போன்ற பதினெட்டுப் பேருக்குத்
தொழில் வளர்ச்சிப் பயிற்சி.
பெங்களூரிலிருந்து வந்தவர்
திரையில் ஓர் ஏணி காட்டினார்.
ஏணியெல்லாம் பழைய சிந்தனை என்று
அவரே அதை அழித்து
கிளை கிளையாய் ஒரு மரம் காட்டினார்.
சன்னலுக்கு வெளியே வெயிலில்
மொட்டை மலை.

இந்த ஊருக்கு ஒரு கேலி உண்டு:
நீரில்லா ஆறு, மரமில்லா மலை,
ராஜா இல்லாக் கோட்டை.
பின்வரிசையில் ஜெமிமா முணுமுணுத்தாள்:
"போஸ்ட் இல்லா போஸ்டாக்."
எங்கள் வரிசை மட்டும் குலுங்கியது.

பிற்பகலில்
நஸ்னீனைத் திரைக்கு அழைத்தார்கள்.
என் பக்கத்து மேசையில் நாலு வருடம் இருந்தவள்.
இப்போது ஹைதராபாத்தில்
மாத்திரை அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைக்கும்
அந்தப் பொடி எழுத்துத் தாளை எழுதுகிறாள்.
"மாற்றுப் பாதை" என்று அறிமுகப்படுத்தினார்கள்.
அவள் சொன்னாள்:
"மாற்றுப் பாதைன்னு சொல்லாதீங்க சார்.
இதுலதான் பஸ் வருது."

பிறகு படிவம்.
கைவசம் உள்ள திறன்கள்: மூன்று வரிக்குள்.

மே மாதம், இரவு ஒன்றே முக்கால்,
ஃப்ரீசர் மோட்டார் நின்றுபோனது.
ஜெனரேட்டர் இருமியது, எழவில்லை.
நானும் வாட்ச்மேன் தணிகாசலமும்
மீன் மார்க்கெட்டிலிருந்து அவர் மச்சான் கொண்டுவந்த
தெர்மோகோல் பெட்டிகளில்
நானூற்றுப் பன்னிரண்டு குப்பிகளை அடுக்கி
அடுத்த கட்டிடத்து மூன்றாம் மாடிக்கு ஏற்றினோம்.
லிஃப்டும் இல்லை.
விடிந்தபோது என் கையில் வஞ்சிர வாடை.
குப்பியில் ஒன்றும் சாகவில்லை.

இதை எந்த வரியில் எழுதுவது என்று கேட்டேன்.
"நெருக்கடி மேலாண்மை" என்றார்.
அப்படி ஒரு பெயர் அதற்கு இருப்பது தெரிந்திருந்தால்
அன்றிரவு இன்னும் பயந்திருப்பேன்.
தணிகாசலத்தின் படிவத்தை
யார் தருவார்கள் என்று கேட்க நினைத்தேன்.
டீ வந்துவிட்டது.

கடைசிக் கட்டம்:
ஐந்தாண்டு கழித்து உங்களை எங்கே காண்கிறீர்கள்?

உதவிப் பேராசிரியர் விளம்பரங்களில்
வயது வரம்பு முப்பத்தைந்து.
எனக்கு ஐப்பசி வந்தால் முப்பத்தைந்து.
கட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்தேன்.
பேனா அங்கேயே நின்றது.
மை கசிந்து
புள்ளி வளர்ந்தது, தட்டில் கிருமிக் குடும்பம் போல.

ஏழரை மணி பஸ்ஸில் இறங்கினேன்.
கேட்டருகே எட்டியப்பன்,
கையில் பாஸ்புக்.
"மாசம் ரெண்டாயிரம் கட்டினா
அஞ்சு வருசத்துல இன்னாம்மா வரும்?"
தெருவிளக்கடியில் நின்று
காலாண்டு வட்டி போட்டு
ரூபாய்க்குச் சுத்தமாகச் சொன்னேன்.
அவர் முகம் பார்த்ததும்
ஏனோ அதுவும் வந்துவிட்டது:
"நான் போஸ்டாபீஸ் இல்லீங்க."

மேல்வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்தது.
மோட்டாரை அணைத்துவிட்டு வந்தார்.
"அப்ப அந்த வட்டிக் கணக்கு?"
"அது சரிதாங்க."

பாஸ்புக்கைச் சட்டைப் பையில் வைத்தார்.
கேட்டைச் சாத்தினார்.
அட்வான்ஸ் ஐயாயிரத்தைப் பற்றி
இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.