நெஞ்சு என்று கத்துகிறவன்

எங்களுக்கு இரண்டு பாதை ஒதுக்குவார்கள்,
ஒரு கயிறு,
ஒரு பெயர்.
பலகையில் எரிவது ஏசாயாவின் பெயர் மட்டும்.

கயிறு காசிமேட்டில் வாங்கியது.
வலைக்குப் போடும் நைலான், இழுத்தால் நீளாது.
இரு முனையிலும் வளையம் முடிந்து தந்தவர்
யாரைக் கட்ட என்று கேட்டார்.
"இவனத்தான்" என்று என் பக்கம் கைகாட்டினான் ஏசாயா.
கை சரியாக என்னைத்தான் காட்டியது.

விடியுமுன் எண்ணூர் சாலையில்
துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள்
ஒன்றின் பின் ஒன்றாக உறங்கும்.
அவற்றை ஒட்டி ஓடிப் பழகினோம்.
பல் விளக்கிக்கொண்டே கிளீனர் பையன்கள்
டயரோரம் ஒதுங்குவார்கள்.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
ஏசாயா நின்று துப்புவான்.
"கண்ண கட்டிக்கினு ஓடணும்னு ரூலு.
மூக்க கட்டிக்கலாமான்னு
எவனாவது எழுதிருக்கானா பாரு."

நானும் ஓடியவன்தான்.
வியாசர்பாடி மைதானத்தில் என்னைத் தொட ஆளில்லை.
வியாசர்பாடிக்கு வெளியே இருந்தார்கள்.
விளையாட்டு கோட்டாவில் ரயில்வே வேலைக்கு
கால் நொடி போதவில்லை.
அந்தக் கால் நொடியை
ஒன்பது வருடமாக ஐஸ் பெட்டியோடு சேர்த்துத்
தோளில் ஏற்றி இறக்கினேன்.
ஏசாயா வங்கியில் கிளார்க்.
என்னைப் போல மூன்று மடங்கு சம்பளம்.
ஷூ வாங்கித் தந்தது அவன்.
யாராவது என்னிடம் வந்து
"எவ்ளோ பெரிய மனசுப்பா உனக்கு" என்றால்
அவன்தான் முதலில் சிரிப்பான்.

விதி சின்னது.
கோட்டை அவன் நெஞ்சு முதலில் தொட வேண்டும்.
கூட ஓடுகிறவன் முந்தினால்
இருவருக்கும் ஒன்றுமில்லை.
கடைசி மூன்று தப்படியில் நான் குரல் தர வேண்டும்,
அவன் உடம்பை முன்னே எறிய.

மாநிலப் போட்டி.
எழுபது மீட்டர் வரை
இரண்டு மூச்சுக்கும் ஒரே கடிகாரம்.
கயிறு தொய்யவில்லை, விறைக்கவில்லை.
எண்பதில் பக்கத்து ஜோடி பின்தங்கியது.
முன்னால் யாருமில்லை.
ஒன்பது வருடமாக
என் முன்னால் யாருமில்லாமல் இருந்ததில்லை.
"நெஞ்சு!" என்று கத்தினேன்.
அவனுக்கான சொல்.
கேட்டது என் நெஞ்சு.

ஒரு கை அகலம்.
கொடி தூக்கினார்கள்.
நடுவர் மேசையில் படத்தைக் காட்டினார்கள்:
கோட்டின் மேல் நான்,
வாயெல்லாம் பல்.
அதை மட்டும் ஏசாயாவிடம் சொல்லவில்லை.

பஸ்ஸில் பேசவில்லை.
மின்ட் தாண்டி, ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே,
"டேய் கஜபதி, எப்டி இருந்துச்சு?"
"எது?"
"ஃபர்ஸ்ட்டு வந்தது."
பொய் நாக்கு வரை வந்தது.
தண்டையார்பேட்டை வந்தது. சிக்னல் விழுந்தது.
"நல்லா இருந்துச்சு" என்றேன்.
கண்டக்டர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான்.
சிரிப்பு நின்ற பிறகு
இறங்கும் வரை ஒன்றும் பேசவில்லை.
படியில் கால் வைத்துச் சொன்னான்:
"கயிறு எங்க? நாளைக்கு நாலரை."

அன்றிலிருந்து நான் பழகியது ஒன்றுதான்.
முழு வேகத்தில் ஓடி
மார்பை மட்டும் பின்னால் வைத்திருப்பது.
அது எந்தப் பள்ளியிலும் சொல்லித் தராதது.
முதுகுத் தண்டு வலிக்கும்.
ஐஸ் தூக்குகிற வலியில்லை,
வேறு.

அடுத்த வருடம் நாங்கள் மூன்றாவது.
ஓடியது நான்கு ஜோடி.
அவனுடைய நேரம் மட்டும் முன்பு ஓடாத நேரம்.
படம் வந்தது. ஏசாயா கேட்டான்:
"உன் மூஞ்சி தெரியுதா?"
"பாதி."
"மீதி?"
"நீ மறைக்கிற."