கீழே தேங்குவது

எங்கள் வண்டியில் மூன்று இருந்தன.
பங்க்கில் வாங்கிய சிவப்பு இரும்பு, ஐந்து கிலோ.
வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மட்டம் தெரிகிற
ஃபைபர் ஒன்று, அசைத்தால் இளநீர் மாதிரி குலுங்கும்.
அப்புறம் டென்ட்காரர்கள் கொண்டுபோகும் குட்டி டப்பா.
மூன்றுக்கும் மூன்று வாய்.
ஒன்றின் ரெகுலேட்டர் இன்னொன்றில் உட்காராது.
"உட்கார வைக்கிறேன்" என்று வத்தலக்குண்டில் ஒருவர்
டேப் சுற்றத் தொடங்கினார்.
ஜெபசீலி வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

மூஞ்சிக்கல் ஏஜென்சியில் இருளாண்டி
பணத்தை எண்ணுமுன்
சிலிண்டரின் கழுத்தைத் திருப்பிக் காட்டினார்.
சி, இருபத்தெட்டு.
"அந்த வருஷம் செப்டம்பர் வரைக்கும் உங்க வீட்டுப் பிள்ளை.
அதுக்கப்புறம் அது யாரோ, நீங்க யாரோ."

மன்னவனூரில் புல்லெல்லாம் உப்புப் பூத்த காலையில்
டப்பா மூச்சு விடவில்லை.
ஆட்டினால் சலசலக்கிறது,
பற்றவைத்தால் நீலமாய் ஒரு முனகல், அவ்வளவுதான்.
லைட்டரை அதன் அடியில் காட்டப் போனேன்.
என் கையைத் தட்டிவிட்டு
அதை ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டாள்.
அரைமணி நேரம்
அடைக்கோழி முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.
பிறகு காபி.

பூம்பாறையில் தங்கப்பொண்ணின் பிக்கப்
பேட்டரி செத்து நடுவழியில் நின்றது.
எங்கள் வண்டியிலிருந்து வயர் போட்டு எழுப்பினோம்.
பதிலுக்கு ஒரு கொத்து மலைப்பூண்டு,
தாளோடு, மண்ணோடு.
கூரைக் கொக்கியில் மாட்டினேன்.
சாயங்காலத்துக்குள் தலையணை பூண்டு,
டீ பூண்டு, என் சால்வை பூண்டு.

இனி சொல்லப்போவது நான் செய்தது.

சிலிண்டர் பெட்டியின் அடியில்
தரையைப் பார்த்து உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓட்டை.
கேஸ் காற்றைவிடக் கனம்,
தண்ணீர் போலப் பள்ளம் தேடும்,
போக வழி வேண்டும் என்று
ஜெபசீலி சாக்பீஸால் வட்டம் போட்டு
பட்டறையில் நின்று வெட்டவைத்தது.
அன்று ராத்திரி அதன் வழியே காற்று வந்து
என் கணுக்காலைக் கடித்தது.
சாக்ஸைக் கழற்றி அடைத்தேன்.
ஜன்னலையும் மூடினேன்.
வண்டி சரிவில் நின்றது,
எங்கள் தலைமாடு பள்ளத்தில்.

"ரொம்ப அடிக்குதில்ல" என்றாள் இருட்டில்.
"பூண்டு" என்றேன்.
"பூண்டுதான்" என்றாள்.

தூங்கியிருப்போம்.
அவள் ஹேர்கிளிப் நழுவி விழுந்தது.
எடுக்கக் குனிந்தவள்
குனிந்தபடியே இருந்தாள்.

"பூண்டு மேலே தொங்குது."

அவ்வளவுதான் சொன்னாள்.
நானும் தலையைக் கீழே இறக்கினேன்.
மேலே இருந்தது சமையலறை.
கீழே இருந்தது வேறு.

லைட் போடாதே.
போனைத் தொடாதே.
யார் சொன்னோம் என்று நினைவில்லை.
இருட்டில் கை மட்டும் போய்
வால்வைத் தேடிப் பிடித்துத் திருகியது, இறுகும்வரை.
சாக்ஸைப் பிடுங்கினேன்.
கதவு. போர்வை. வெறுங்கால்.
பாத்தி வரப்பில் பல் தந்தியடிக்க
இரண்டுபேரும் உட்கார்ந்திருந்தோம்,
கதவு விரியத் திறந்த வண்டியைப் பார்த்தபடி,
உள்ளே யாரோ எழுந்து
வெளியே போகட்டும் என்று காத்திருப்பவர்கள்போல.

விடிந்ததும் ஒரு ரூபாய் ஷாம்பூவைக் கரைத்து
குழாய் நெடுகப் பூசி
வால்வை ஒரு நூல் திறந்தோம்.
கிளாம்ப்பில் உரசி உரசி
கொண்டை ஊசி வளைவுகள் தேய்த்த இடத்தில்
கைக்குழந்தை எச்சில் ஊதுவதுபோல்
ஒரு குமிழ், இன்னொரு குமிழ்.
மூடினோம்.
குழாயை நாலாக வெட்டி, யாரும் எடுத்து மாட்டாதபடி,
குப்பையில் போட்டோம்.
கொடைக்கானல் போய்ப் புதுசு வாங்கும்வரை அடுப்பில்லை.

தங்கப்பொண்ணு வரப்பில் வந்து நின்றாள்.
வெளியே கிடந்த போர்வையைப் பார்த்தாள்,
என் ஒற்றைச் சாக்ஸைப் பார்த்தாள்.
கேட்டது வேறு:
"பூண்டு எப்படி?"

"வாசம் ஜாஸ்தி" என்றாள் ஜெபசீலி.

மலை இறங்கும்வரை
அந்தக் கொத்து வெளியே
பக்கக் கண்ணாடியில் ஆடிக்கொண்டு வந்தது.