அம்புக்குறி

சனிக்கிழமைகளில் அட்டனில் டிப்ளோமா வகுப்பு.
அருள்தாசன் சேர் பலகையில் இரண்டு பெட்டி வரைவார்:
சொல்பவர், கேட்பவர்.
நடுவே ஓர் அம்புக்குறி.
அதன்மேல் மின்னல் மாதிரி ஒரு கோணல் கோடு,
அது இரைச்சல் என்பார்.
திரும்பி வரும் அம்பை
நேரமிருந்தால் வரைவார்.

செவ்வாய்க்கிழமை டிக்கோயா ஆஸ்பத்திரி.
எட்டாம் அறை. தகரத்தில் மழை.
டொக்டர் ஹேவகேக்குத் தமிழ் வராது.
காத்தாயிக்குச் சிங்களம் கடைத்தெருவோடு சரி.
நடுவில் நிற்பதற்கு எனக்குச் சம்பளம்.

"ரிதெனவாத?" என்றார்.
"நோவுதா?" என்றேன்.

"நோவுன்னு சொல்ல ஏலாது மிஸ்.
காலையில கடுக்கும்.
கூடை நெறஞ்சா இழுத்துப் புடிக்கும்.
மழைக்கு முன்னாடி உளையும்.
ராவுல எறும்பு ஊர்ற மாதிரி,
எங்கன்னு கைய வச்சா அங்க இருக்காது.
மூத்தவ கொழும்புக்கு வேலைக்குப் போயி மூணு மாசம்,
அன்னையிலருந்துதான்..."

வெளியே எழுபது பேர் வரிசை.
நான் சிங்களத்தில் சொன்னேன்:
"இடுப்பு வலி. மூன்று மாதம்."
அவர் அதையும் சுருக்கி
அரை வரி எழுதினார்.

அப்போதுதான் உறைத்தது.
சேர் வரைந்த படத்தில் எனக்குப் பெட்டி இல்லை.
நான் அம்பா,
அம்பின்மேல் விழுந்த மின்னலா?

ரத்தம் போகிறதா என்று கேட்டார்.
கேட்டேன்.
அவள் கதவோரம் நின்ற சிற்றூழியரைப் பார்த்தாள்.
முந்தானையை விரலில் சுற்றினாள்,
சுற்றியதை அவிழ்த்தாள்.
'இல்லை' என்று எழுதப் போன பேனாவை
"கொஞ்சம் பொறுங்கள் டொக்டர்" என்று மறித்தேன்.

"அவர் ஒன்றும் சொல்லவில்லையே?"

"சொல்லிக்கொண்டிருக்கிறார்."

சிற்றூழியரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினோம்.
மழை மட்டும் உள்ளேயே இருந்தது.
அவள் தலையாட்டினாள், ஆமாம் என்று.

நான் முதலிலிருந்து சொன்னேன்:
கடுப்பு, இழுப்பு, எறும்பு.
எறும்புக்கு என்னிடம் சிங்களம் இருந்தது,
உளைச்சலுக்கு இல்லை.
என் இடுப்பில் கைவைத்து
ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிக் காட்டினேன்.
அவர் எழுந்து தன் இடுப்பில் கைவைத்து,
"மெஹெமத?" என்று கேட்டார்.
அவளை. என்னையல்ல.
"இன்னுங் கொஞ்சம் கீழ" என்றாள்
அவரிடமே.
கை கீழே இறங்கியது.
நான் வாயைத் திறக்கவில்லை.

கிளினிக் கொப்பியில் ஒரு பக்கம் நிரம்பியது.
யாரோ கதவைத் தட்டினார்கள்.
கொப்பியைச் சொப்பின் பையில் சுற்றிக்கொண்டே
காத்தாயி கேட்டாள்:
"மூத்தவளப் பத்தியும் சொன்னீங்களா மிஸ்?"

அதற்குள் அடுத்த நம்பரைக்
கூப்பிட்டுவிட்டார்கள்.